போகும்போது ஒழுங்கு, வரும்போது இழுப்பு

கேள்வி: நத்தக்காடையூர் பக்கம் எங்கள் தோட்டம். போன ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தையில் மார்வாரி கலப்பில் ஒரு ஆண் குட்டி வாங்கினோம். இப்போது மூன்றரை வயசு இருக்கும். நல்ல பலசாலி. ஞாயிற்றுக்கிழமைகளில் வாய்க்கால் கரைமேல் ஓட்டிப் போவேன். போகும்போது ஒழுங்காகத்தான் போகிறான். வீட்டுப் பக்கம் திருப்பியதும் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். இடது லகானைப் பிடித்தால் தலையை மேலே தூக்கி உதறுகிறான். சந்தையிலேயே வாங்கிய முறுக்குக் கம்பிக் கடிவாளம்தான் போடுகிறேன். பெரியப்பா முள் கடிவாளம் போடச் சொல்கிறார். நண்பன் நீளக் கால் வைத்து, தாடைக்கு அடியில் சங்கிலி வருகிற கடிவாளத்தை வாங்கச் சொல்கிறான். எதை வாங்குவது? வாயில் புண் ஆகவும் கூடாது.
(26 வயது வாசகர், காங்கேயம் வட்டம்)

பதில்:

தம்பி, கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது. போகும்போது ஒழுங்கு, வரும்போது இழுப்பு என்கிறீர்கள். இரண்டு நேரத்திலும் அதே வாய், அதே கம்பி, உங்கள் அதே கை. வாய் மரத்துப்போன குதிரை என்றால் போகும்போதும் இழுத்திருக்கும். இவன் வீட்டைப் பார்த்து மட்டும் இழுக்கிறான். அதைக் கம்பியை மாற்றித் தீர்க்க முடியாது. ஆனால் அந்த இடது லகான் விஷயம் வேறு. அது வாய்க்குள் இருக்கிற கோளாறு என்றே நினைக்கிறேன். முதலில் அதைப் பார்ப்போம்.

குதிரைக்கு இரண்டரை வயசில் முன்பல்லில் நடு ஜோடி விழுந்து முளைக்கும், மூன்றரையில் அதற்கு அடுத்தது, நாலரையில் ஓரத்து ஜோடி. சந்தையில் உதட்டைப் பிரித்து வயசு சொல்கிறவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். சுழி பார்க்க அரை மணி நேரம் செலவழிப்பவர்கள்கூட பல்லில் இதற்கு மேல் போவதில்லை. உள்ளே கடைவாயிலும் அதே வேலை நடந்துகொண்டிருக்கிறது. முன்னும் உள்ளும் சேர்த்து 24 பால்பற்கள் இந்த இரண்டு வருஷத்துக்குள் விழுந்து நிலைப்பற்கள் வருகின்றன. உங்கள் பையன் இப்போது அதன் நட்டநடுவில் நிற்கிறான். கடைவாயில் பால்பல் ஒரு மூடி மாதிரி கழன்று ஆடிக்கொண்டிருக்கும், அதைச் சுற்றி ஈறு வீங்கியிருக்கும். பல் ஆடுகிற பிள்ளைக்கு முறுக்கு கொடுத்தால் என்ன செய்யும்? நீங்கள் இவனுக்குக் கொடுத்திருப்பதும் முறுக்குதான், இரும்பில் சுட்டது.

இன்னொரு சின்னப் பல்லும் இருக்கிறது. மேல்தாடையில் முதல் கடைவாய்ப் பல்லை ஒட்டி, அதற்குச் சற்று முன்னால், சோளமணி அளவில் இருக்கும். ஓநாய்ப்பல் என்பார்கள். எல்லாக் குதிரைக்கும் இருக்காது. சிலவற்றுக்கு ஒரு பக்கம் மட்டும் இருக்கும். பல குதிரைகள் சாகும்வரை அதை வைத்துக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கின்றன. ஆனால் கம்பி போய் இடிக்கிற இடத்தில் அது இருந்தாலோ, வெளியே வராமல் ஈறுக்கு அடியிலேயே சாய்ந்து கிடந்தாலோ, அந்தப் பக்கத்து லகானைத் தொடும்போதெல்லாம் உயிர் போகும். தலையைத் தூக்கி உதறுவான். ஒரு பக்கம் மட்டும் உதறுகிறான் என்று கேட்டதும் என் புத்தி அங்கேதான் போனது.

நீங்களே ஓரளவு தொட்டுப் பார்க்கலாம். கடிவாளம் இல்லாமல், தலைக்கயிறு மட்டும் போட்டு, யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உதட்டு ஓரத்தில் பல்லே இல்லாத ஒரு இடைவெளி இருக்கும். கடிவாளம் உட்காருகிற இடமும் அதுதான். அங்கே கட்டைவிரலை வைத்து முதலில் கீழ் ஈறைத் தடவுங்கள். மெல்லிய தோல், அடியில் உடனே எலும்பு, அதுவும் விளிம்பு கட்டி இருக்கும். உங்கள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைத் தடவிப் பாருங்கள், அதே மாதிரிதான். கட்டில் கால் அங்கே இடித்தால் எப்படி வலிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த எலும்பின் மேல்தான் உங்கள் முறுக்குக் கம்பி உட்கார்ந்திருக்கிறது. புண்ணோ காய்ப்போ தட்டுப்படுகிறதா, நாக்கில் குறுக்காகக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் விரலை மேல் ஈறுக்குக் கொண்டுபோய், மெதுவாகக் கடைவாய்ப் பக்கம் நகர்த்துங்கள். அரிசியை முடிந்து வைத்த மாதிரி ஒரு மேடு தட்டுப்பட்டால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் விரலை உள்ளே விட வேண்டாம். கடைவாய்ப் பல் விரலென்றும் பார்க்காது, புல்லென்றும் பார்க்காது.

மீதி டாக்டர் வேலை. மயக்க மருந்து கொடுத்து, வாயைத் திறந்து வைக்கும் கருவியை மாட்டி, விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். ஓநாய்ப்பல் தொந்தரவு என்றால் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடலாம். ஆடுகிற மூடியையும் எடுக்கலாம். கன்னத்தைக் கிழிக்கிற கூர் விளிம்பை அரம் போட்டுத் தேய்ப்பார்கள். உங்கள் ஊர் மருத்துவர் மாட்டு வாய் மட்டுமே பார்த்தவர் என்றால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவது நல்லது. பல் எடுத்த பிறகு ஈறு ஆறும்வரை, இரண்டு மூன்று வாரம், வாயில் கம்பியே வேண்டாம். அப்படியே ரணஜன்னித் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். மாட்டைவிடக் குதிரைக்கு அது சுலபமாக வந்துவிடும். லாட ஆணி ஒன்று குத்தினால் போதும்.

சரி, இப்போது பெரியப்பா சொன்னது. முள் கடிவாளத்தில் கம்பியிலோ வளையத்தின் உள்பக்கத்திலோ கூர் முனைகள் இருக்கும். வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் பிராணிகளுக்கான மத்திய அரசின் 1965 ஆம் ஆண்டு விதிகளிலேயே முள் வைத்த கடிவாளம் கூடாது என்று இருக்கிறது. வண்டிக் குதிரைக்கு வலிப்பது ஏறி ஓட்டுகிற குதிரைக்கு வலிக்காது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், அது வேலைக்கு ஆகாது. வலித்தால் நாய் கடிக்கும், காளை முட்டும், குதிரைக்கு முதலில் ஓடத்தான் தோன்றும். ஓட்டத்தை நிறுத்துவதற்கு ஓட்டம் பிடிக்க வைக்கிற சாமானை வாயில் மாட்டினால் எப்படி?

பல வருஷத்துக்கு முன் ஒரு பந்தயக் குதிரையை என்னிடம் கொண்டுவந்தார்கள். வண்டி கட்டினால் நிற்கவே மாட்டேன் என்கிறது, கண்ணில் ஏதோ கோளாறு போல என்றார்கள். கண் நன்றாக இருந்தது. வாயைத் திறந்தால் நாக்கு பாதி அறுந்து, பழைய வெட்டின் மேல் புது வெட்டு. எச்சிலோடு ரத்தம் கலந்து இளஞ்சிவப்பாக வந்தது. நிறுத்துவதற்காக இழுக்க இழுக்க அது வலியிலிருந்து தப்பிக்க ஓடியிருக்கிறது, ஓட ஓட இன்னும் இழுத்திருக்கிறார்கள். கொண்டுவந்தவர் கெட்டவரில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பெரியப்பாவுக்கும் மூக்கணாங்கயிறு போட்டு மாடு பழக்கிய கை. காங்கேயம் காளையை அடக்கத் தெரிந்தவருக்குக் குதிரையும் அப்படித்தான் தோன்றும். மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த ஈறில் அவர் விரலையே வைக்கச் சொல்லுங்கள்.

நண்பன் சொன்ன நீளக் கால் கடிவாளம் முள் மாதிரி கொடுமையானது இல்லை. ஆனால் அது ஒரு நெம்புகோல். லகான் மாட்ட வாய்க்கம்பிக்குக் கீழே தொங்குகிற தண்டுதான் கால். அது எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்கு உங்கள் கை பலம் பெருகும். நீங்கள் ஒரு கிலோ இழுத்தால் வாயில் இரண்டு மூன்று கிலோ விழும். கூடவே தாடையைச் சங்கிலி இறுக்கும், காதுக்குப் பின்னால் வார் அழுத்தும். பழகிய குதிரை, ஆடாத கை என்றால் விரல் அசைவிலேயே வேலை நடக்கும். உங்கள் குதிரைக்கு மூன்றரை வயசு, நீங்கள் ஏறுவதோ வாரத்துக்கு ஒரு நாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், தடுமாறும்போது லகானைப் பிடித்துத்தான் உட்கார்ந்துகொள்வீர்கள். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம். அந்தத் தடுமாற்றமெல்லாம் மூன்று மடங்காக அவன் தாடைக்குப் போகும். அதுவும் போக, இடது வலது என்று தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க அந்தக் கடிவாளம் தோதில்லை. இளங்குதிரைக்கு முதலில் தேவைப்படுவதே திருப்பம்தான்.

இழுத்து நிறுத்துவது என்ற எண்ணமே கொஞ்சம் கோணல். நம் ஊர்த் தேரைப் பாருங்கள். ஓடுகிற தேரைப் பின்னால் பிடித்து இழுத்து யாராவது நிறுத்துகிறார்களா? சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் பலசாலியாக இருக்க வேண்டியதில்லை, நேரம் தெரிந்தவராக இருக்க வேண்டும். சரியான நொடியில் கட்டையை வைப்பார், எடுப்பார். 350 கிலோ குதிரையோடு 65 கிலோ ஆள் வடம் இழுக்கிற போட்டிக்குப் போனால் யார் ஜெயிப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிடியுங்கள், அவன் ஒரு இம்மி தளர்ந்ததும் விடுங்கள். மறுபடி பிடியுங்கள், விடுங்கள். விடாமல் இழுத்தால் அவன் அதன்மேல் சாய்ந்துகொண்டு ஓடப் பழகிவிடுவான்.

என்ன வாங்குவது என்றால், கால் இல்லாத, சங்கிலி இல்லாத, வழவழப்பான ஸ்நாஃபிள், அதாவது லகானை நேராக வளையத்திலேயே மாட்டுகிற சாதாரணக் கடிவாளம். வளையம் டி வடிவத்தில் இருக்கட்டும். திருப்பும்போது அதன் நேர்ப்பக்கம் கன்னத்தில் ஒத்திக் கொடுத்து, எந்தப் பக்கம் என்று அவனுக்குப் புரியவைக்கும். உதட்டு ஓரத்தையும் கிள்ளாது. வாய்க்குள் போகிற கம்பி இரண்டு மூட்டோடு, நடுவில் வழவழப்பான சின்னத் துண்டு வைத்தது. ஒற்றை மூட்டுக் கம்பி இரண்டு லகானையும் சேர்த்து இழுக்கும்போது பாக்குவெட்டி மாதிரி மடங்கும், சில குதிரைக்கு மேலண்ணத்தில் போய்க் குத்தும். துருப்பிடிக்காத எஃகு போதும். முலாம் பூசிய மலிவுச் சாமான் வேண்டாம், முலாம் உரிந்தால் ஓரமெல்லாம் பிளேடு.

தடிமன் 14 முதல் 16 மில்லிமீட்டர். தடித்த கம்பி மெத்தென்று இருக்கும் என்று புத்தகத்தில் படித்துவிட்டு, நானே ஒருமுறை சின்ன வாய்க் கத்தியவாரி இனக் குதிரை ஒன்றுக்கு ரப்பர் சுற்றிய தடிக் கம்பியைப் போட்டேன். இரண்டு நாளில் வாயைப் பிளந்துகொண்டு நாக்கைத் தொங்கவிட்டது. குதிரைக்கு நாக்கே வாயை நிறைத்துக்கொண்டுதான் இருக்கும். தடிக் கம்பி படுக்க அங்கே இடம் ஏது? நம் நாட்டு இனங்களின் வாய் பொதுவாகச் சின்னது. வெளிநாட்டுக் குதிரைக்குச் சொன்னதை அப்படியே எடுத்து மாட்டியது என் தப்பு.

அகலத்துக்கு, பட்டை சீவி வழவழவென்று தேய்த்த வேப்பங்குச்சி ஒன்றை அவன் வாயில் கடிவாளம் போகிற இடத்தில் குறுக்காக வையுங்கள். இரண்டு உதட்டு ஓரத்திலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்த அளவோடு அரை சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். 12, 13 சென்டிமீட்டருக்குள்தான் வரும் என்று நினைக்கிறேன். கடையில் ஐந்து அங்குலம், நாலேமுக்கால் என்று அங்குலக் கணக்கில் சொல்வார்கள். குச்சியையே கையோடு கொண்டுபோய்விடுங்கள்.

மாட்டியதும் உதட்டு ஓரத்தில் ஒரு சுருக்கம் விழ வேண்டும். சிரிக்கிற மாதிரி மூன்று நான்கு சுருக்கம் விழுந்தால் இறுக்கம். சுருக்கமே இல்லாவிட்டால் தொங்கி முன்பக்கம் இடிக்கும், நாக்கை மேலே தூக்கிப் போட்டுக்கொள்ளவும் கற்றுக்கொள்வான். ஆண் குதிரை என்பதால் நாலு ஐந்து வயசில் கோரைப்பல் வேறு முளைக்கும். அப்போது உயரத்தை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். மூக்குப் பட்டையில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். வாயைத் திறக்கிறான் என்று அதை இறுக்குவது, அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துகிற மாதிரி. குளிர் நாட்டுக்காரர்கள் கடிவாளத்தைக் கையில் வைத்துச் சூடாக்கி மாட்டச் சொல்வார்கள். நமக்குக் கவலை வேறு. சித்திரை வெயிலில் வேலியில் தொங்கிய இரும்பை முதலில் உங்கள் புறங்கையில் வைத்துப் பாருங்கள், அப்புறம் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துப் போடுங்கள்.

இனி வீட்டுப் பக்கம் ஓடுகிற கதை. அவனுக்கு வீடு என்றால் என்ன? நிழல், துணை, சேணம் கழற்றுதல், கொள்ளு. வந்ததும் வாளியை நீட்டுகிறீர்கள் என்றால் ஓடி வந்ததற்குக் கூலி கொடுக்கிறீர்கள். கடைசி ஒரு பர்லாங்கை நாலுகால் பாய்ச்சலில் வந்து, நண்பன் செல்போனில் படம் எடுத்ததும் உண்டோ? உண்டு என்றால் ஓடச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

கொஞ்ச நாளைக்கு வாய்க்கால் கரையை விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் சரிவு. ஓடினால் வட்டமாகத் திருப்ப இடமில்லை. உங்கள் பக்கம் கிளுவை வேலி போட்ட கொறங்காடு (மேய்ச்சல் காடு) இல்லாத தோட்டம் எங்கே இருக்கிறது? அதைவிட நல்ல பயிற்சி மைதானம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. முதல் வாரம் ஏறவே வேண்டாம். தலைக்கயிற்றோடு பத்து அடி நடந்து, நீங்கள் நின்று, மூச்சை விட்டு, “ஓ” என்று ஒரே குரலில் சொல்லுங்கள். நின்றதும் அந்த நொடியே கயிற்றைத் தளர்த்துங்கள். நிற்காவிட்டால் பின்னால் நாலு அடி தள்ளி நிறுத்துங்கள், அவ்வளவுதான். கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் இளசுக்குக் கவனம் நிற்காது. பிறகு ஏறி, அதே “ஓ”. ஒரு லகானை மட்டும் மெதுவாகப் பிடித்து மூக்கை உங்கள் முழங்கால் பக்கம் வளைக்கச் சொல்லிக்கொடுங்கள், முதலில் நின்றபடி, அப்புறம் நடையில். என்றாவது ஓட்டம் பிடித்தால், இரண்டு கையாலும் இழுப்பதைவிட இப்படிப் பெரிய வட்டமாகத் திருப்பிச் சுருக்குவதுதான் உங்களைக் காப்பாற்றும். ஓடும்போது திடீரென்று ஒடிக்காதீர்கள், இரண்டு பேரும் விழுவீர்கள். தலைக்கவசம் போடுகிறீர்கள்தானே?

வெளியே போகத் தொடங்கியதும், வீட்டுப் பக்கம் திரும்பி அவன் நடையைக் கூட்டிய உடனே, மறுபடி வந்த வழியே திருப்புங்கள். அடங்கி நடந்தால் வீட்டுப் பக்கம், அவசரப்பட்டால் எதிர்ப்பக்கம். முதல் நாள் இருட்டிவிடும், டார்ச் கொண்டுபோங்கள். கடைசித் தூரம் இறங்கிக் கையில் பிடித்து நடத்துங்கள். வந்ததும் களத்தில் பத்து நிமிஷம் நடை வட்டம், அப்புறம் சேணம், ஒரு மணி நேரம் கழித்துத்தான் கொள்ளு.

கொள்ளு என்றதும் ஒன்று. வாரத்தில் ஆறு நாள் கட்டுத்தறியில் நின்று, கொள்ளும் கடலையும் தின்று, ஏழாம் நாள் வெளியே வருகிறவன் ஓடாமல் என்ன செய்வான்? தானியத்தைக் குறைத்து, காய்ந்த புல்லை நாளுக்கு ஐந்து ஆறு கிலோவுக்குக் குறையாமல் போடுங்கள். கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் இருந்தால் பகலில் அவிழ்த்து விடுங்கள். பாதி இழுப்பு அங்கேயே கரைந்துவிடும். சேணத்தையும் ஒரு கண் பாருங்கள். முதுகெலும்பு முழுசாக முற்ற ஐந்து வயசுக்கு மேல் ஆகும். கனமான ஆளை ஏற்ற வேண்டாம், நீங்களும் அரை மணிக்கு மேல் வேண்டாம். இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை என்றால் காயடிப்பதைப் பற்றியும் யோசியுங்கள். காளைக்குத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற நாம் குதிரைக்கு என்றால் மட்டும் ஏனோ கூச்சப்படுகிறோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஏற வேண்டாம். முறுக்குக் கம்பியை இன்றைக்கே கழற்றிவிடுங்கள், தொழுவத்தில் வாளி மாட்ட ஆகும். பல் பார்த்த பிறகு எழுதுங்கள். இடது பக்கம் அந்தச் சோளமணி இருந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆவல்.